கம்ப்யூட்டர் செருப்பு

என் அக்கா எதையும் முதலில் உள்ளங்கையால் தொடமாட்டாள். குழாய், கதவுக் கைப்பிடி, பீரோ, பஸ் கம்பி, எதுவானாலும் புறங்கையை லேசாக ஒட்டிப் பார்ப்பாள். அது தன்னை ஒன்றும் செய்யாது என்று உறுதியான பிறகுதான் பிடிப்பாள். வெளிநாட்டிலிருந்து நான் போய் இறங்கும்போது விமான நிலைய வாசலில் என் கன்னத்தையும் அப்படித்தான் தொடுவாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சுகிற மாதிரி இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. ஓர் அச்சகத்துக்காகக் கையெழுத்துப் பிரதிகளையும் ஆய்வேடுகளையும் கணினியில் அடித்துக் கொடுப்பாள். கோழி கிளறினது போல எழுதியிருந்தாலும் அவள் கண்ணுக்கு எழுத்து பிடிபட்டுவிடும். எழுதினவருக்கே புரியாமல் விட்டுப்போன வார்த்தையைக் கூட இவள் இதுவாகத்தான் இருக்கும் என்று அடித்து வைப்பாள், அது சரியாகவும் இருக்கும். அச்சகத்துக்காரர் போன் செய்தால் முதலில் புகழ்ந்துவிட்டுத்தான் விரட்டுவார்.

"உங்க கை மட்டும் இல்லைன்னா இந்த புரொபசருங்க எல்லாம் ஊமைங்கம்மா. சரி, என் மூணாவது அத்தியாயம் எங்க?"

"அடுப்புல இருக்கு சார். வெந்ததும் அனுப்பறேன்."

இப்படிப் பேசுகிறவள் என் அக்கா. பத்து விரலும் பறக்கும், வாயும் பறக்கும். அவள் உட்கார்ந்து வேலை செய்த இடம்தான் சரியில்லை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு நடை. ஒரு பக்கச் சுவரில் ஃபிரிட்ஜ், எதிர்ச் சுவரில் மேஜை. மேஜைக்கு அடியில் பெரிய தகரப் பெட்டியாக ஒரு பழைய கம்ப்யூட்டர். மாமா வேலை பார்க்கும் தொழிற்சாலையில் புதுசு வாங்கியபோது கழித்துவிட்டது அது. கனமாக இருக்கும், உறுமும். பக்கவாட்டில் கை வைத்தால் சூடாக இருக்கும்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே எல்லாரும் அவரை 'ஹெல்மெட்' என்பார்கள். அவருக்கும் அது தெரியும், அதில் அவருக்குப் பெருமை. யார் கையுறை போடவில்லை, எந்த இயந்திரத்துக்கு வேலி இல்லை, எந்த ஒயர் தோலுரிந்திருக்கிறது என்று நாள் முழுக்க நடந்து நடந்து பார்ப்பதுதான் வேலை. மிச்சமான ஸ்டிக்கர்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார். அக்கா வீட்டுக் குளியலறைக் கதவில் 'வழுக்கும், கவனம்' என்று இருக்கும். சமையலறையில் 'கூரான பொருட்கள்'. மின் பெட்டிக்கு மேலே மஞ்சள் முக்கோணத்தில் ஒரு மின்னல், அதன் கீழே 'அடிபட்டவரைத் தொடாதே! முதலில் மெயினை அணை!'. வீட்டுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, "உங்களுக்கென்னம்மா, பாதுகாப்பான கையில இருக்கீங்க" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மின்சாரம் வீணாவது அவருக்குப் பொறுக்காது. அந்தக் கம்ப்யூட்டரை 'யானை' என்றுதான் சொல்வார். அக்கா குழம்பைக் கிளற எழுந்து போனால் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவார். அடித்த பக்கங்கள் போய்விடும்.

"திரைதான் அணைஞ்சிருக்கு, மெஷின் தூங்குதுன்னு நினைக்காத. யானை தூங்கும்போதும் தின்னும்."

"ஆமா, ஃபிரிட்ஜு ராத்திரி பகலா ஓடுது, அது உங்க கண்ணுக்கு ஆட்டுக்குட்டி. நான் ரெண்டு பக்கம் அடிச்சா அது யானை."

அவர் சொன்னது தப்பில்லை. திரை இருண்டாலும் பெட்டி தின்னத்தான் செய்யும். அவரிடம் இருந்த தொல்லையே அதுதான். பெரும்பாலான விஷயத்தில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அதனால் ஒரு விஷயத்தில் தப்பு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வீட்டு முன்பக்கம் மண்ணாகக் கிடந்த இடத்துக்கு மாமா டைல்ஸ் போட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல இருக்கும். வேலை நடந்துகொண்டிருந்தபோது கொத்தனார் தரையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், இது டைல்ஸுக்கு மேல வருது, என்ன பண்ண?" என்று கேட்டிருக்கிறார். மாமா போனில் பேசிக்கொண்டே வெட்டிவிடச் சொல்லிக் கையசைத்தார். கொத்தனார் வெட்டினார், சிமெண்டைப் போட்டார், மேலே டைல்ஸை வைத்துத் தட்டினார். ஜன்னல் வழியாக அக்கா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது அது ஏதோ பழைய கம்பி, அவ்வளவுதான்.

டைல்ஸ் காய்ந்து மாமா அதன் மேல் ஸ்கூட்டரை நிறுத்த ஆரம்பித்த வாரத்தில், பென் டிரைவைச் செருகப்போன அக்காவின் விரலில் சுள்ளென்று பட்டது. எறும்பாக இருக்கும் என்று உதறினாள். பிறகு பெட்டியை ஈரத்துணியால் துடைத்தபோது மணிக்கட்டு வரைக்கும் ஒரு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போல இருந்தது. மாமாவைக் கூப்பிட்டாள். மாமா வந்து உள்ளங்கையைப் பெட்டி மேல் பொத்தென்று வைத்தார்.

"எங்க? ஒண்ணுமில்லையே."

அவருக்குப் பித்தவெடிப்பு. வீட்டுக்குள்ளேயும் தடிமனான ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடப்பார். குளிக்கப் போகும்போது மட்டும்தான் கழற்றுவார். அக்கா வெறுங்காலில் நின்றாள்.

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க."

"எனக்கே டெஸ்ட் வைக்கிறியா?"

அவள் விடவில்லை. கடைக்குப் போய் ஒரு டெஸ்டர் வாங்கி வந்தாள். பெட்டியின் திருகாணியில் அதை வைத்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜன்னல் வெயில் நேராக மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே மினுக்குமினுக்கென்று இருந்த சிவப்பு அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

"எங்க எரியுது?"

"கையால மறைச்சுப் பாருங்க. இருட்டுல நல்லாத் தெரியுது."

"இருட்டுல பார்த்தா எனக்குப் பேய் கூடத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் என் எண்ணம். தொழிற்சாலையில் மின் பெட்டிகளுக்கு முன்னால் ரப்பர் பாய் விரிக்க வைத்ததே அவர்தான். செருப்புக்கும் வெறுங்காலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த மனிதருக்குத் தெரியாதா? ஆனால் தெரிந்ததை வீட்டுக்குள் கொண்டுவந்தால், ஹெல்மெட் வீட்டிலேயே எர்த், அதாவது கசிவை மண்ணுக்கு இறக்கும் கம்பி, இல்லை என்றாகும். அந்தக் கம்பியை வெட்டச் சொன்னது யார் என்றாகும். டைல்ஸை உடைக்க வேண்டியும் வரும். இத்தனைக்கும் பதில் சொல்வதைவிட, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. சொல்லச் சொல்ல அவரே அதை நம்பியும் விட்டார்.

அக்கா தானாகவே ஆராய ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வாள்? கம்ப்யூட்டர் ஓடும்போது ஃபிரிட்ஜின் கைப்பிடியும் கடித்தது. சுவர் சுவிட்சை அணைத்து, கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கிவிட்டால் ஃபிரிட்ஜ் கடிப்பதில்லை. வாஷிங் மெஷினும் அப்படியே. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும், "ஆமாம்மா, துடைக்கும்போது கடிக்குது" என்றாள். மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா? அந்த மேஜையைத் துடைக்காம இருக்க நல்ல வழி" என்றார். அந்த அம்மா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ரப்பர் செருப்புப் போட்டால் கடிப்பதில்லை என்பதையும் அக்காவேதான் கண்டுபிடித்தாள். நீல வாரில் ஒரு ஜோடி வாங்கி மேஜைக்கடியில் போட்டாள். நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கம் திரும்பினாலே, "ஏய், செருப்பு! கம்ப்யூட்டர் செருப்பைப் போடாம அங்க போகாத" என்று கத்துவாள். ஃபிரிட்ஜில் தண்ணீர் எடுக்கக் கூட அந்தச் செருப்பில்தான் போனேன். அதனால் அந்தக் கடி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா என்னிடம், "நீ ரெண்டு வாரம் இங்கதானே இருந்த, உனக்கு அடிச்சுதா? சொல்லு" என்று கேட்டபோது, அடிக்கவில்லை என்ற உண்மையைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவளே என்னைக் காப்பாற்றி, தனக்கு இருந்த சாட்சியையும் கெடுத்துக்கொண்டாள்.

நான் இயல்பிலேயே பயந்தவள். இரண்டு மொழியில் படித்ததால் இரண்டு மொழியிலும் பயப்பட வழி இருக்கிறது. வெளிநாட்டுக்குத் திரும்பியதும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் கலந்திருக்கும் தேவையில்லாத அதிர்வுகளை வடிகட்ட இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாம். அதில் துளி மின்சாரம் பெட்டியின் தகரத்துக்கு வரும். வந்தது பிளக்கின் மூன்றாவது காலில் இறங்கி, பச்சைக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய்விடும். யாருக்கும் தெரியாது. வெளியே அந்தப் பச்சைக் கம்பி அறுந்துவிட்டால், துளி எங்கும் போக முடியாமல் தகரத்திலேயே காத்திருக்கும், வெறுங்காலோடு ஒருவர் வந்து தொடும்வரை. வீட்டிலுள்ள மூன்றாவது கம்பிகள் எல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் கம்ப்யூட்டரின் கசிவு ஃபிரிட்ஜ் வரைக்கும் போகும். அக்கா சொன்னது ஒவ்வொன்றும் சரி. அந்தத் துளியால் பொதுவாக ஆள் சாவதில்லை. ஆனால் அதே வீட்டில் வேறொரு சாதனம் உள்ளே பழுதாகி முழு மின்சாரத்தையும் தன் உடம்பில் விட்டால், அன்றைக்குத் தகரம் எல்லாமே முழு மின்சாரம்.

மாமாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இதெல்லாம் உங்க ஊர்ல எழுதினதும்மா. உங்க ஊர் கரண்ட் வேற, இங்க வர்ற கரண்ட் வேற."

"எர்த் எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே மாமா. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை..."

"முப்பது வருஷமா நான் என்ன பண்றேன்னு நினைக்கிற? அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க. அவளுக்கு உடம்பு சரியில்ல. நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

சொன்னபடியே நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அக்கா எனக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உன் மாமாதான் பேசுனாரு. கம்ப்யூட்டர் போட்டா ஃபிரிட்ஜ் கடிக்குதுங்கறா டாக்டர், அப்படின்னாரு. டாக்டர் என்னை ரொம்ப அன்பா பார்த்தாரு. எப்பல இருந்தும்மான்னு கேட்டாரு. நான் என்ன சொல்றது? டைல்ஸ் போட்டதுல இருந்துன்னு சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே பைத்தியம் பேசற மாதிரி இருந்துச்சு."

"கம்பி வெட்டினதைச் சொன்னியா?"

"சொல்ல வாயெடுத்தேன். அது பழைய ஆன்டெனா கம்பின்னு அவரு சொல்லிட்டாரு. டாக்டரோட மேஜை இரும்பு மேஜை. புறங்கையால தொட்டுப் பார்த்தேன், கடிக்கல. அதையும் சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதுவாரேன்னு விட்டுட்டேன்."

மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. மாமா அதில் ஒரு நாள் கூடத் தவறமாட்டார். டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்று, அவள் விழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போவார். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து, "பொண்டாட்டியைத் தாங்கு தாங்குன்னு தாங்கறாரு" என்றார்கள். விசேஷ வீடுகளில் யாராவது ஒரு சுவிட்சைப் போடப்போனால், "அக்காவைக் கேட்டுட்டுப் போடு, கடிக்கப் போகுது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள்.

மாத்திரை அவளை மந்தமாக்கியது. விரல்கள் நடுங்கின. பறந்துகொண்டிருந்த கை எழுத்துக்களைத் தேட ஆரம்பித்தது. ஒரு பேராசிரியரின் ஆய்வேட்டில், நன்றியுரையில் அவர் மனைவியின் பெயருக்குப் பதிலாக மாணவியின் பெயர் விழுந்துவிட்டது. அச்சகத்துக்காரர் கத்தவில்லை. "உடம்பைப் பார்த்துக்கங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு நோட்டீஸ், கூப்பன், ரப்பர் ஸ்டாம்புக்கு நாலு வரி, இந்த மாதிரிதான் அனுப்பினார். ஆய்வேடுகள் வேறு யாருக்கோ போயின. அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "கத்தியிருந்தா தேவலை. அன்பா பேசுறவங்களை நினைச்சாத்தான் எனக்கு இப்ப பயமா இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் வாசலில் ஒரு பூந்தொட்டியை வாங்கி வைத்தாள். எல்லாரும் சுவரோரமாக வைப்பார்கள். இவள் கேட்டுக்குப் போகும் வழியில், ஒரு குறிப்பிட்ட டைல்ஸின் மேல் வைத்தாள். மாமா ஸ்கூட்டரை வளைத்து ஓட்டும்போதெல்லாம் திட்டுவார். ஓரமாக நகர்த்துவார். அவள் மறுபடி பழைய இடத்துக்கே இழுத்து வைப்பாள். வெட்டிய கம்பி அதற்குக் கீழேதான் இருந்தது. நம்பினாலும் நம்பாவிட்டாலும் இடமாவது மறந்து போகக் கூடாது என்று நினைத்தாளாம்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு வருஷம், பாதுகாப்பு வாரம் தொடங்கும் நாள் காலை. மாமா மேடையில் பேச வேண்டும். குளியலறையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, செருப்பை அதன் வாசலில் கழற்றிவிட்டு, பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அக்கா நடையில் நீல வார்ச் செருப்போடு உட்கார்ந்து ஏதோ கூப்பன் அடித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு உள்ளிருந்து, "தோழர்களே, விபத்து என்பது..." என்று கேட்டது. அப்புறம் பேச்சு நின்றது. பேச்சுக்குப் பதிலாக ஒரு சத்தம். தொண்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்ட மாதிரி, வெளியே வர முடியாத ஒரு சத்தம்.

ஹீட்டருக்குள் இருந்த சூடேற்றும் கம்பி வெடித்திருந்தது. அவர் ஈரக்கையால் குழாயைப் பிடித்திருக்கிறார். விட முடியவில்லை.

"எனக்கு உடனே புரிஞ்சுது" என்றாள் அக்கா. "கதவுப் பக்கம் போகல. மெயினுக்கு ஓடுனேன். அவரு ஒட்டின ஸ்டிக்கர்தான் கண்ணு முன்னாடி நிக்குது, தொடாதே, முதலில் மெயினை அணைன்னு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த மெயின் கைப்பிடியைக் கூட நான் மொதல்ல புறங்கையால தொட்டுப் பார்த்தேன்டி. உள்ள ஒரு உசிரு துடிக்குது, நான் நின்னு தொட்டுப் பார்க்கறேன். பழக்கம் அப்படி ஆயிடுச்சு."

மெயினை இறக்கியதும் உள்ளே தொப்பென்று விழுந்தார். பிளாஸ்டிக் கதவை அவள் உதைத்துத் திறந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, உள்ளங்கை வெந்திருந்தது. மேடையில் அவருக்குப் பதிலாக வேறு யாரோ பேசினார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் வீட்டுக்கு வந்தார். ஹீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பல்பையும் இரண்டு ஒயரையும் வைத்து ஒவ்வொரு பிளக்காகப் பார்த்துக்கொண்டு போனார்.

"சார், இந்த வீட்டுக்கு எர்த் எங்க சார் இறங்குது?"

மாமா கட்டிலிலிருந்தே, "வெளியில எங்கயாவது இருக்கும். டைல்ஸ் எல்லாத்தையும் உடைக்கணுமேப்பா" என்றார்.

அக்கா வாசலுக்குப் போய் நின்றாள். "அந்தத் தொட்டியை நகர்த்துங்க தம்பி. அதுக்குக் கீழ."

ஒரே ஒரு டைல்ஸ்தான் உடைத்தார்கள். சிமெண்டைச் சுரண்டியதும் பச்சைக் கம்பியின் முனை வந்தது. கத்தியால் நறுக்கிய மாதிரி நேராக இருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ஆச்சரியம். "கரெக்டா சொன்னீங்களேம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாக மாமாவின் குரல் வந்தது.

"நான்தான்ப்பா அடையாளத்துக்குத் தொட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் கொத்தனார் பண்ணின வேலை. அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். கம்பியை இணைத்து, கசிவு கண்டால் தானே விழுகிற சுவிட்ச் ஒன்றையும் மாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் எலக்ட்ரீஷியன் கிளம்பிவிட்டார். அத்தனை வருஷமாக முடியாது என்றிருந்த வேலை அவ்வளவுதான்.

நான் போன் செய்தபோது, ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று அவளிடம் சண்டை போட்டேன்.

"வலியில இருக்கற மனுஷன். எழுந்து நடக்கட்டும், அவரே சொல்லுவாரு. எனக்கு ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாம். நீ சொன்னது நிஜம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மாமா எழுந்து நடந்தார். தொழிற்சாலையில் அவருக்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் அக்காவும் போனாள். அதன் வீடியோவை மாமா எல்லாருக்கும் அனுப்பினார், எனக்கும் அனுப்பினார். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறார். நன்றாகத்தான் பேசுகிறார்.

"மின்சாரம் அடிக்கறதுக்கு முன்னாடி எச்சரிக்கும் நண்பர்களே. என் வீட்டு கம்ப்யூட்டர்ல லேசான கசிவு இருந்துச்சு. செருப்புப் போட்ட எனக்கு அது தெரியாது. ஆனா என் வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் நரம்புக் கோளாறு, மருந்து சாப்பிடறாங்க. அவங்களுக்குச் சட்டுனு தெரியும். கடிக்குது கடிக்குதுன்னு சொல்லுவாங்க. அதை வச்சுத்தான் நான் எர்த்துல சந்தேகப்பட்டேன். நீங்க கடையில டெஸ்டர் வாங்குவீங்க. எனக்கு வீட்டுலயே ஒரு டெஸ்டர்!"

அரங்கம் சிரிக்கிறது. கேமரா முன்வரிசைக்குத் திரும்புகிறது. அக்கா சிரிக்கிறாள். முன்னால் இருக்கிற இரும்பு நாற்காலியின் முதுகைப் புறங்கையால் ஒரு தடவை தொட்டு, பிறகு அதைப் பிடித்துக்கொள்கிறாள். அதற்குள் கேமரா மேடைக்குப் போய்விடுகிறது. அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கிறார்கள்.

நான் அந்த வீடியோவை இரண்டாவது தடவை பார்க்கவில்லை. அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓயப்போகும்போது எடுத்தாள்.

"பார்த்தியா? நல்லாத்தான் பேசுனாரு" என்றாள்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரே. கேடயத்தை எங்க மாட்டலாம்னு கேட்டாரு."

அவளே தொடர்ந்தாள். அச்சகத்துக்காரர் போன் செய்தாராம், ஓர் ஆய்வேடு அனுப்பட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஏன்? இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சே. மாத்திரையையும் நிறுத்தியிருப்பாங்களே?"

"நிறுத்தல. இத்தனை வருஷம் சாப்பிட்டதைத் திடீர்னு விடக் கூடாதாம். டம்ளரோட அவரு வந்து நிக்கறாரு, இப்ப இடது கையில."

"சரி, எர்த் போட்டாச்சு. இப்ப அடிக்கலதானே?"

ஃபிரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்டது. நடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. அடிக்குது" என்றாள்.

"அக்கா..."

"டெஸ்டரை வச்சுப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தி, போர்வையைப் போட்டு மூடிக்கிட்டுப் பார்த்தேன். எரியல. கம்பி சரியாத்தான் இருக்கு. ஆனா கை வச்சா சுள்ளுங்குது. டம்ளரைத் தொட்டாலும் அப்படித்தான், அது பிளாஸ்டிக் டம்ளர்." பிறகு சிரித்தாள், பழைய அக்கா மாதிரியே. "இப்பத்தான் நிஜமாவே நரம்பு போலிருக்கு. மாத்திரை வீணாப் போகல பாரு."

நான் ஏதோ சொன்னேன். டாக்டர் என்ற சொல்லை மட்டும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால், வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அதைக் கேட்கவுமில்லை. உள்ளே மாமா எதற்கோ கூப்பிட்டார். "இதோ வரேன்" என்றாள். மேஜைக்கடியில் காலால் செருப்பைத் துழாவும் சத்தம் கேட்டது. ரப்பர் தரையில் உரசி, ஒன்று கிடைத்து, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போன் வைக்கப்பட்டது.